நான்காம் ஆண்டுச் சம்பளம்: நகரங்கள் நடத்தும் இலவச நிதி ஆலோசனை மையங்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரில் 311 என்ற எண்ணை அழைத்து, கடன் விஷயமாக யாரிடமாவது பேச வேண்டும் என்று சொன்னால் போதும். 'ஃபைனான்ஷியல் எம்பவர்மென்ட் சென்டர்' ஒன்றில் நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பார்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும், நகருக்குள் குடியிருக்கவோ வேலை பார்க்கவோ வேண்டும். மற்றபடி வருமான வரம்பு கிடையாது, குடியுரிமைக் கேள்வி கிடையாது, கட்டணமும் கிடையாது. எதிரே உட்காரும் ஆலோசகர் எந்த வங்கிக்கும் ஆள் பிடிப்பவரல்ல. அவர் சம்பளத்துக்குப் பணம் கொடுப்பது நகர அரசு.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை ஆண்டு வரும் என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். இலவச ஆலோசனை மையம் திறப்பது பெரிய காரியமல்ல. ரிப்பன் வெட்ட மேயர் வருவார், ஒரு வங்கி மேசை நாற்காலி வாங்கித் தரும், ஓர் அறக்கட்டளை முதல் மூன்று ஆண்டுக்குப் பணம் தரும். நான்காம் ஆண்டு பிறக்கும்போது ஆலோசகருக்குச் சம்பளம் போடுவது யார் என்ற கேள்விக்குத் தொடக்க நாளிலேயே பதில் எழுதி வைக்காத திட்டம் அங்கேதான் தடுக்கி விழும்.

தொடங்கிய கதை

2006 டிசம்பரில், மைக்கேல் புளூம்பெர்க் மேயராக இருந்தபோது, நியூயார்க்கின் நுகர்வோர் விவகாரத் துறைக்குள் இதற்கென்று தனி அலுவலகம் ஒன்று தொடங்கப்பட்டது. துறையின் ஆணையர் ஜோனதன் மின்ட்ஸ். சமூக நலத்துறையில் வைக்காமல் நுகர்வோர் துறையில் வைத்ததில் ஒரு லாபம் உண்டு. கடன் வசூல் நிறுவனங்களுக்கும், நீதிமன்ற அழைப்பாணையைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கும் உரிமம் வழங்குவது இதே துறைதான். ஒரே வசூல் நிறுவனத்தின் பெயர் பத்துக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வந்தால், ஆலோசகர் சொல்லும் தகவல் வேறு கட்டடத்துக்குப் போக வேண்டியதில்லை.

முதல் மையம் 2008ல் பிராங்க்ஸ் பகுதியில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் பணம் பெரும்பாலும் தனியார் நன்கொடை. வேலை பலன் தருகிறது என்று காட்டிய பிறகே நகரத்தின் சொந்த வரிப்பணம் வந்தது. ஆலோசகர்களை நகரம் நேரடியாக வேலைக்கு வைக்கவில்லை. தொண்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய ஆலோசகர்களை நூலகம், வேலைவாய்ப்பு அலுவலகம், சமூகக் கூடம் போன்ற இடங்களில் உட்கார வைத்தது.

2012ல் மின்ட்ஸ் தலைமையில் இந்த மாதிரியை மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோகத் தனி லாபநோக்கற்ற நிதியம் ஒன்று உருவானது. 2013 ஜனவரியில் புளூம்பெர்க் அறக்கட்டளை மூன்று ஆண்டுகளுக்கு 1.62 கோடி டாலர் அறிவித்தது. டென்வர், லான்சிங், நாஷ்வில், ஃபிலடெல்ஃபியா, சான் அன்டோனியோ என ஐந்து நகரங்கள். நாஷ்வில்லில் யுனைடெட் வே என்ற தொண்டு அமைப்பும், ஃபிலடெல்ஃபியாவில் கிளாரிஃபை என்ற பழைய கடன் ஆலோசனை நிறுவனமும் பொறுப்பெடுத்தன.

மதிப்பீட்டு அறிக்கை 2017ல் வந்தது. ஐந்து நகரங்களிலும் சேர்த்து சுமார் 22,000 பேர், 57,000 அமர்வுகள். கடன் குறைந்த தொகை 2.25 கோடி டாலர், சேமிப்பு கூடியது 27 லட்சம் டாலர். நகர சபைகளில் இந்த எண்களைத்தான் எடுத்துப் படிப்பார்கள். வகுத்துப் பார்த்தால் கொஞ்சம் அடக்கமாகத் தெரியும். தலைக்கு 2.6 அமர்வு, தலைக்கு ஏறத்தாழ 1,020 டாலர் கடன் குறைவு, சேமிப்பில் 120 டாலர் சொச்சம். ஒரே ஒரு முறை வந்துவிட்டுத் திரும்பாதவர்களும் இந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பல முறை வந்தவர்களிடம்தான் மாற்றம் கூடுதலாகத் தெரிகிறது. ஆக, நகரம் காசு கொடுத்து வாங்க வேண்டியது இரண்டாவது, மூன்றாவது வருகையை. முதல் வருகையை ஒரு துண்டு விளம்பரமே வாங்கிக் கொடுத்துவிடும்.

ஒரு கோப்பு, கிட்டத்திலிருந்து

மேசையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பட்ஜெட் பேசிப் பயனில்லை. கீழே வருவது பயிற்சிக்கு வைக்கும் மாதிரிக் கோப்பு. ஆள் கற்பனை, விதிகள் நிஜம்.

முதியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலை செய்யும் பெண் ஒருவர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கையில் கிடைப்பது 1,140 டாலர். வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது என்று வந்திருக்கிறார். நேரம் குறிக்கும்போதே சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றோடு, பிரிக்காமல் வைத்திருக்கும் கடிதங்களையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். கடன்காரர் கடிதத்தைப் பிரிக்கப் பயந்து டிராயரில் போட்டு வைப்பது எங்கும் உள்ள வழக்கம். கோப்பின் பாதி அந்த உறைகளுக்குள்தான் இருக்கும்.

முதல் அமர்வு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் அவசரம் எது என்று பிரிக்கத்தான். நீதிமன்றத் தேதி இருக்கிறதா, கணக்கு முடக்கமா, வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸா? இவற்றில் ஒன்று இருந்தால் மாதச் செலவுக் கணக்கு பிறகு.

இவருக்கு இருப்பது கணக்கு முடக்கம். அப்படியென்றால் எங்கோ ஒரு தீர்ப்பு ஏற்கெனவே ஆகியிருக்கிறது. பெரும்பாலும் பழைய கிரெடிட் கார்டு கடனை மலிவாக வாங்கிய நிறுவனம் வழக்குப் போட்டு, இவர் வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கியிருக்கும். நியூயார்க் சட்டப்படி கணக்கில் குறைந்தபட்ச மணிக்கூலியின் 240 மடங்கு வரை உள்ள பணத்தை வங்கி தானாகவே தொடாமல் விட வேண்டும். 2025ல் நகரத்தின் குறைந்தபட்ச மணிக்கூலி 16.50 டாலராக இருந்தது, அதனால் அந்த ஆண்டு அந்தத் தொகை 3,960 டாலர். அதற்கு மேல் இருப்பது விலக்குப் பெற்ற வருமானம் என்றால், வங்கி அனுப்பும் படிவத்தை 20 நாளுக்குள் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். 20 நாள் கடந்தாலும் வழி உண்டு, ஆனால் வேலை இரட்டிப்பு. இந்தப் படிவம் பிரிக்காத உறைகளில் ஒன்றில்தான் இருக்கும்.

ஆலோசகர் வக்கீல் அல்ல. படிவத்தை விளக்கலாம், நாளைக் குறித்துத் தரலாம். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பது சட்ட உதவியின் வேலை. அழைப்பாணை கைக்கே வரவில்லை என்றால் அதற்கு இடமுண்டு. நீதிமன்றங்களில் நடக்கும் கிளாரோ போன்ற இலவச சட்ட உதவி மையத்துக்கு அங்கேயே, அவர் எதிரிலேயே போன் போட்டு இடம் வாங்கிக் கொடுக்க வேண்டும். நம்பரை எழுதிக் கையில் கொடுத்தால் பத்தில் பாதிப் பேர் அழைப்பதில்லை என்று கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு மாதக் கணக்கு. வாடகைப் பங்கு 1,250, சாப்பாடு 480, ஊருக்கு அனுப்புவது 200, போக்குவரத்து 132, போனும் இணையமும் 110, மின்சாரம் 95, கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 45. மொத்தம் 2,312. ஆண்டுக்கு 26 சம்பளம் என்று எடுத்தால் மாதத்துக்கு 2,470 வருகிறது, 158 டாலர் மிச்சம். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் ஆண்டில் பத்து மாதம் இரண்டு சம்பளம்தான் வரும், அதாவது 2,280. அந்த ஒவ்வொரு மாதமும் 32 டாலர் துண்டு விழும். அந்த 32 டாலரால்தான் கணக்கு எதிர்மறைக்குப் போய், வங்கி ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிடிக்கிறது. மூன்று சம்பளம் விழும் இரண்டு மாதங்களில் கூடுதலாக வரும் பணம் கை நழுவிப் போய்விடுகிறது. புதிய ஆலோசகர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது. வருமானத்தை 12ஆல் வகுத்து நிம்மதியடைந்துவிடுவார்கள். தேதி வாரியாக எழுதினால்தான் ஓட்டை தெரியும். மூன்றாவது சம்பளம் வரும் இரு மாதங்களையும் நாட்காட்டியில் வட்டமிட்டு, அதில் 400 டாலரைத் தனிக் கணக்குக்கு மாற்றச் சொன்னாலே அந்தப் பத்து மாதத்துக்குமான 320 டாலர் துண்டு மூடிவிடும்.

அடுத்து கிரெடிட் ரிப்போர்ட், அதாவது ஒருவர் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவு. அதை வைத்துப் போடும் மதிப்பெண்தான் ஸ்கோர். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆலோசகரே எடுப்பார். அப்படி எடுப்பதால் ஸ்கோர் குறையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பலர் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். ரிப்போர்ட்டில் 380 டாலர் மருத்துவமனை பாக்கி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 டாலருக்குக் குறைந்த மருத்துவ வசூல் பாக்கியை ரிப்போர்ட் தயாரிக்கும் மூன்று பெரிய நிறுவனங்களும் 2023 ஏப்ரலில் நீக்கிவிட்டன. நியூயார்க் மாநிலம் அதே ஆண்டு டிசம்பரில் மருத்துவக் கடனை ரிப்போர்ட்டில் போடவே கூடாது என்று சட்டம் போட்டது. ஆகவே அது அங்கே இருக்கக் கூடாது. ஆட்சேபம் எழுதினால் 30 நாளுக்குள் விசாரித்தாக வேண்டும்.

கடை ஒன்று கொடுத்த கிரெடிட் கார்டில் வரம்பு 1,200, பாக்கி 1,130. ஸ்கோரை அழுத்துவது இந்த 94 சதவீதம். இதில் ஒரு சின்ன நுணுக்கம்: பணத்தைக் கெடு நாளில் கட்டுவதைவிட, பில் போடும் நாளுக்கு முன் கட்டினால் குறைந்த பாக்கி ரிப்போர்ட்டுக்குப் போகும். அதே பணம், பத்துப் பதினைந்து நாள் முந்தி.

எழுந்து போவதற்குள் அடுத்த தேதி குறிக்கப்பட வேண்டும். "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று போனவர் திரும்பி வந்தால் அது அதிர்ஷ்டம்.

இந்தக் கோப்பையே சான் அன்டோனியோவுக்குக் கொண்டுபோனால் பாதி ஆலோசனை மாறிவிடும். டெக்சஸில் சாதாரண நுகர்வோர் கடனுக்குச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது, பென்சில்வேனியாவிலும் ஏறத்தாழ அப்படியே. நியூயார்க்கில் மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதம் வரை பிடிக்கலாம். டென்னசியில் கையில் வருவதில் 25 சதவீதம் வரை போகும். கடனுக்கு வழக்குப் போடும் காலவரம்பு நியூயார்க்கில் 2022 ஏப்ரல் 7 முதல் 3 ஆண்டு, டென்னசியில் 6 ஆண்டு. நியூயார்க்கில் காலவரம்பு முடிந்த பழைய கடனுக்குக் கொஞ்சம் கட்டினாலும் அந்த வரம்பு புதிதாகத் தொடங்காது. எல்லா மாநிலத்திலும் அப்படியல்ல. வேறு மாநிலத்திலிருந்து தொலைபேசியில் ஆலோசனை தரும் மலிவான நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கும் நகரங்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. 'பத்து டாலராவது கட்டுங்கள், நல்லெண்ணம் வரும்' என்ற ஓர் அறிவுரை போதும், செத்த கடனுக்கு உயிர் வந்துவிடும்.

எதை எண்ணுவது

இந்த மையங்கள் வந்த தலைகளை மட்டும் எண்ணுவதில்லை, விளைவை எண்ணுகின்றன. பாதுகாப்பான வங்கிக் கணக்கு திறந்தாரா, ஸ்கோர் குறைந்தது 35 புள்ளி கூடியதா, கடன் குறைந்தது 10 சதவீதம் இறங்கியதா, சேமிப்பு வருமானத்தில் 2 சதவீத அளவு ஏறியதா என்பவை முக்கிய அளவுகோல்கள். வங்கிக் கணக்குக்கும் தனித் தரம் உண்டு. தொடங்க 25 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது, ஓவர்டிராஃப்ட் கட்டணம் கூடாது, மாதக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு.

நிதி ஒதுக்குபவர்களுக்கு இந்த அளவுகோல்கள் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். ஆனாலும் ஓட்டைகளைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். பழைய பாக்கி ஏழு ஆண்டு முடிந்து தானாக ரிப்போர்ட்டிலிருந்து விழுந்தால் ஸ்கோர் ஏறும், 'கடனும்' குறையும். அதில் ஆலோசகர் ஒரு விரலும் அசைத்திருக்க மாட்டார். எதிர்ப்பக்கமும் உண்டு. கடன் வரலாறே இல்லாதவருக்குச் சின்னக் கடன் ஒன்று வாங்கிக் கட்டச் சொல்வது சரியான ஆலோசனை, ஆனால் அவர் கணக்கில் கடன் ஏறியதாகத்தான் பதிவாகும். மோசமான நிலையில் இருப்பவருக்குத் திவால் மனுவே நல்ல வழியாக இருக்கலாம். அதை 10 சதவீதக் கட்டத்தில் எப்படிப் பதிவது என்று ஒப்பந்தம் எழுதும்போதே தீர்மானிக்காவிட்டால், ஆண்டு இறுதியில் நகரமும் தொண்டு நிறுவனமும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

இதைவிட ஆபத்தானது, விளைவுக்கு ஏற்பப் பணம் என்று ஒப்பந்தத்தில் இறுக்கிக் கட்டுவது. அப்படிக் கட்டினால் ஆலோசகர்கள் சுலபமான கோப்புகளைத் தேட ஆரம்பிப்பார்கள். ஸ்கோர் 600ல் இருக்கும், நிலையான சம்பளக்காரர் ஆறு மாதத்தில் 35 புள்ளி ஏறுவார். கணக்கு முடங்கி, தீர்ப்போடு வரும் மேலே சொன்ன பெண் ஏறமாட்டார். பணத்தின் பெரும்பகுதியை ஆள் எண்ணிக்கைக்கும் அமர்வுக்கும் கொடுத்து, விளைவைக் கட்டாயம் அறிக்கை செய்யச் சொல்லி, சிறு பங்கை மட்டும் அதோடு இணைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பணம் வரும் வழிகளும் அவற்றின் கொக்கிகளும்

நகரத்தின் பொதுநிதிதான் நேரானது. கேள்வி குறைவு, வருமானச் சான்று தேவையில்லை, எல்லோரையும் உட்கார வைக்கலாம். கெடுதல் ஒன்றே ஒன்று: வருவாய் குறையும் ஆண்டில் முதலில் வெட்டுப்படுவது சட்டம் கட்டாயமாக்காத செலவு. ஆலோசனை அந்தப் பட்டியலில் மேலே இருக்கும்.

அடுத்தது கூட்டரசின் சமுதாய வளர்ச்சித் தொகுப்பு மானியம், 1974ல் வந்த சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் நகரங்களுக்குக் கிடைப்பது. நிலையானது என்பதால் நிதி அலுவலர்களின் கண் முதலில் இங்கேதான் போகும். கொக்கிகள் மூன்று. பொதுச் சேவைகளுக்கு மானியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது. அந்த 15 சதவீதத்துக்குள்தான் வீடற்றோர் காப்பகம், முதியோர் உணவு, சிறுவர் விளையாட்டு எல்லாம் ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாவது, பயனாளிகளில் குறைந்தது 51 சதவீதம் பேர் பகுதியின் நடுத்தர வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே என்று ஆவணம் காட்ட வேண்டும். அதாவது வாசலிலேயே வருமானப் படிவம். கடன் வெட்கத்தோடு வந்தவரிடம் முதல் கேள்வியாக அதை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் அமர்வில் எப்படியும் சம்பளச் சீட்டைப் பார்ப்பார்கள். படிவத்தை அங்கே, ஆலோசகர் கையால் நிரப்புவதே சரி. மூன்றாவது கொக்கி யாருக்கும் எளிதில் தெரியாது. இந்த நிதியில் வீட்டுக்கடன் ஆலோசனை கொடுத்தால், 2021 ஆகஸ்ட் 1 முதல் அதற்குத் தனித் தேர்வு எழுதிச் சான்று பெற்ற ஆலோசகர்தான் கொடுக்க வேண்டும். பட்ஜெட் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டுத் தவணை பாக்கி என்று பேச்சு திரும்பினால், சான்றில்லாத ஆலோசகர் அங்கே நிறுத்தி வேறிடம் அனுப்ப வேண்டும். தணிக்கையில் பிடிபடுவது இந்த வகைக் கோப்புகள்.

2021ல் வந்த கொரோனா மீட்பு நிதி மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர். 2024 டிசம்பர் 31க்குள் ஒப்பந்தமாக்கியிருக்க வேண்டும், செலவழிக்கக் கடைசி நாள் 2026 டிசம்பர் 31. ஒருமுறை வரும் பணத்தில் மாதச் சம்பளம் போட்டால் கடைசித் தேதிக்கு மறுநாள் மேடு முடிந்து பள்ளம். இப்படிப்பட்ட பணத்தைக் கட்டடத்துக்கும் மென்பொருளுக்கும் பயிற்சிக்கும் செலவிட்டு, சம்பளத்தை முதல் ஆண்டிலிருந்தே சிறிதாகவேனும் பொதுநிதியில் வைப்பது நல்லது. கால்வாசிச் சம்பளமானாலும் பட்ஜெட் புத்தகத்தில் அந்தப் பதவிக்கு ஒரு செலவுத் தலைப்பு பிறந்துவிடும். இருக்கும் தலைப்பை நீட்டுவது எளிது, புதுத் தலைப்பு சேர்ப்பது கடினம்.

வங்கிகளும் தரும். வங்கிகள் ஏழைப் பகுதிகளுக்கும் சேவை செய்கின்றனவா என்று பார்க்கும் 1977ன் சமுதாய மறுமுதலீட்டுச் சட்டத்தில் அவர்களுக்கு அது மதிப்பெண். வாங்கலாம். ஆனால் தந்த வங்கியின் கணக்கை மட்டும் பரிந்துரைக்கக் கூடாது என்று எழுத்தில் போட்டுக்கொண்டே வாங்க வேண்டும்.

ஒரு கணக்கு

மூன்று ஆலோசகர், ஒரு மேலாளர் என்று ஒரு நடுத்தர நகரத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்கு. ஆலோசகர் சம்பளம் 58,000 டாலர், காப்பீடு முதலியவற்றுக்கு 28 சதவீதம், ஆக ஒருவருக்கு 74,240, மூவருக்கு 2,22,720. மேலாளர் 75,000, சேர்மானத்தோடு 96,000. தரவு மென்பொருள், கிரெடிட் ரிப்போர்ட் கட்டணம், மொழிபெயர்ப்புத் தொலைபேசி, பயிற்சி ஆகியவற்றுக்கு 30,000. இதுவரை 3,48,720. நிர்வாகச் செலவு 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 4,01,000 டாலர். கூட்டரசு மானியங்களில் தனி விகிதம் பேசி முடிக்காத நிறுவனங்களுக்கு இந்த 15 சதவீதம் 2024 அக்டோபரில்தான் வந்தது, அதற்கு முன் 10. பழைய விகிதத்திலேயே டெண்டர் கேட்கும் நகரங்கள், அந்தச் சுமையைத் தொண்டு நிறுவனத்தின் தலையில் கட்டுகின்றன.

ஓர் ஆலோசகர் நாளுக்கு 4 அமர்வு, வாரத்துக்கு 4 நாள். ஐந்தாம் நாள் கோப்பு எழுதவும் தொலைபேசிக்கும். 46 வாரத்துக்கு 736 இடம். மூன்றில் ஒரு பங்கு பேர் வரமாட்டார்கள் என்று வைத்தால் நடப்பது 490, மூவருக்கும் 1,470. அமர்வுக்கு 273 டாலர். வராதோரை நாலில் ஒன்றாகக் குறைத்தால் அமர்வு 1,656, செலவு 242. முந்தின நாள் குறுஞ்செய்தி, அன்று காலை ஒரு தொலைபேசி அழைப்பு, இரண்டுக்குமான ஆள் நேரம் இந்த வித்தியாசத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

ஓர் ஆலோசகர் விட்டுப்போனால்? ஆள் தேட நான்கு மாதம், பயிற்சிக்கு இரண்டு மாதம். ஆண்டில் 245 அமர்வு காணாமல் போகும், அவரை நம்பி வந்தவர்களும் கூடவே போய்விடுவார்கள். விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் சம்பளம். 58,000ஐ 52,000 ஆக்கி டெண்டரை வெல்லும் நிறுவனம், ஓர் ஆண்டுக்குள் இந்த ஓட்டையில் விழும். மதிப்பெண் கொடுக்கும்போது குறைந்த விலைக்குக் கொடுக்கும் எடையைக் குறைத்து, ஆலோசகர் நிலைத்திருக்கும் காலத்துக்குக் கூட்டினால் இதைத் தவிர்க்கலாம்.

நாட்காட்டியில் வரும் இடைஞ்சல்

நியூயார்க், நாஷ்வில், ஃபிலடெல்ஃபியா, லான்சிங் நகரங்களின் நிதியாண்டு ஜூலை 1ல் தொடங்குகிறது. சான் அன்டோனியோவில் அக்டோபர் 1, டென்வரில் ஜனவரி 1. அறக்கட்டளையின் ஆண்டு வேறு, கூட்டரசின் ஆண்டு வேறு. மூன்று பணமும் ஒரே மேசையில் சேரும்போது ஏதாவது ஒன்று எப்போதும் தாமதமாகவே வரும்.

அதற்கும் மேலே வரிக் காலம். குறைந்த சம்பளக் குடும்பத்துக்கு ஆண்டிலேயே பெரிய தொகை கையில் வருவது வரி ரீஃபண்டாக, அதாவது வரித்துறை திருப்பித் தரும் தொகையாகத்தான். மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 2024 வரியாண்டில் உழைப்பு வருமானச் சலுகை 7,830 டாலர் வரை. 2015ல் வந்த சட்டப்படி அந்த ரீஃபண்டைப் பிப்ரவரி நடுவுக்கு முன் விடமாட்டார்கள். எனவே பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் கடனை அடைக்கவும் சேமிப்பு தொடங்கவும் உகந்த நேரம். இலவச வரிப் படிவ மையத்தில், படிவம் முடியக் காத்திருப்பவரின் பக்கத்து நாற்காலியிலேயே ஆலோசகர் இருந்தால், ஆள் பிடிக்கத் தனி விளம்பரம் வேண்டாம்.

ஜூலை ஒப்பந்தம் நவம்பரில் கையெழுத்தானால் இது கெடும். நியூயார்க்கில் ஒப்பந்தம் கணக்குத் தணிக்கையாளரிடம் பதிவாகும் வரை பணம் நகராது. தாமதம் அங்கே பழைய நோய். தொண்டு நிறுவனம் அதுவரை வங்கியில் கடன் வாங்கிச் சம்பளம் போடும். ஊருக்கெல்லாம் கடன் ஆலோசனை சொல்லும் நிறுவனமே வட்டி கட்டிக்கொண்டிருக்கும். அந்த வட்டியை நகரம் திருப்பித் தருவதும் அரிது. முன்பணமாக கால்வாசி, மீதி மாதாமாதம் பில் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், புதிய ஆளை செப்டம்பரில் எடுத்து டிசம்பருக்குள் பயிற்சி முடித்து ஜனவரியில் உட்கார வைக்கலாம்.

நகரமே கடன்காரன்

கோப்புகள் சேரச் சேரத் தெரிய வரும் ஒரு சங்கடம் உண்டு. கடன் பட்டியலில் அடிக்கடி வரும் பெயர் வங்கி அல்ல, நகரம்தான். பார்க்கிங் அபராதம், அதன்மேல் தாமதக் கட்டணம், தண்ணீர் வரி. ஒரு துறை ஆலோசகருக்குச் சம்பளம் கொடுக்க, இன்னொரு துறை அதே ஆளின் பாக்கியை வசூல் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ 2016ல் பொருளாளர் அலுவலகத்திலேயே இதற்கென்று ஒரு பிரிவு வைத்து, ஏழைகளைத் தாக்கும் கட்டணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. 2019ல் அங்கே நூலகத் தாமத அபராதம் நீங்கியது. ஃபிலடெல்ஃபியா 2017ல் தண்ணீர்க் கட்டணத்தை வருமானத்துக்கேற்ப வைக்கும் திட்டம் கொண்டுவந்தது. கிளாரிஃபை ஆலோசகர் ஒருவருக்கு அந்த விண்ணப்பம் மேசை மேல் எப்போதும் இருக்க வேண்டிய காகிதம்.

ஆண்டுக்கு ஒரு முறை, பெயர் நீக்கிய கோப்புகளிலிருந்து நகரத்துக்கே உள்ள பாக்கியைத் துறைவாரியாகக் கூட்டி நிதிக்குழுவுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம். பெயர் நீக்குவது முக்கியம். நகரத்தின் கையில் உள்ள ஆவணம் தகவல் கோரிக்கையில் வெளியே வரலாம். எனவே தனிநபர் தரவு தொண்டு நிறுவனத்திடமே தங்கும், நகரத்துக்குத் தொகுப்பு எண் மட்டும் வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நியூயார்க்கில் வழக்கமாக முதல்நிலை பட்ஜெட் ஜனவரியில் வருகிறது, நிர்வாக பட்ஜெட் ஏப்ரலில், இறுதி ஜூன் 30க்குள். ஆலோசனை மையத்தின் நல்ல எண்கள் மார்ச்சில்தான் பிறக்கும், அவை தரவுத்தளத்தில் முழுதாக ஏறி முடிய மே ஆகிவிடும். ஜனவரியில் வெட்டப்பட்ட ஒதுக்கீட்டை மே மாத எண்ணைக் காட்டி மீட்பது பெரும்பாடு. அதனால் அனுபவமுள்ள மேலாளர்கள் போன வரிக் காலத்துக் கோப்புகளை டிசம்பர் முதல் வாரத்திலேயே எடுத்து, தொகுதிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு சபை உறுப்பினருக்கும் அவர் தொகுதியில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கணக்கு முடக்கம் நீங்கியது என்று ஒரு பக்கத் தாள் போட்டு வைக்கிறார்கள்.